கோப்பின் இயல்பும் எழுதுபவரின் பழக்கமும்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியலைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவர், பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் என்னும் மொழியையும், 2019ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய பாடநூலின்படி பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்னும் மொழியையும் கற்கிறார். முன்னதில் ஒரு வரியை எத்தனை கட்டம் உள்ளே தள்ளி எழுதினாலும், தள்ளாமலே எழுதினாலும், நெளிவு அடைப்புக்குறிகள் முறையாக இருக்கும் வரையில் இயந்திரம் ஆட்சேபணை சொல்வதில்லை. பின்னதிலோ தொகுதியைக் காட்டும் வேலைக்கு அடைப்புக்குறிகளே இல்லை; எந்த வரி எந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது என்பதை, அந்த வரி இடப்புற ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற ஒன்றைக் கொண்டே இயந்திரம் நிர்ணயிக்கிறது. ஓராண்டுக்குள், அலங்காரமாக இருந்த உள்தள்ளல் இலக்கணமாகிவிடுகிறது. இந்த மாறுதலை மாணவருக்கு ஆசிரியர் எடுத்துச் சொல்கிறார். மாணவர் தட்டி எழுதும் எடிட்டருக்கு எடுத்துச் சொல்பவர் யார் என்பதுதான் இங்கே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

இது செய்தித்தாளில் விவாதிக்கத் தக்க விஷயமா என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். நிரல் எழுதுவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்ட நாட்டில், அத்தொழிலின் அன்றாட ஒழுங்குகளில் ஒன்றைப் பற்றிப் பொதுஜனங்கள் பேசுவதில் விபரீதம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயிர்த்தொழிலில் வரப்பின் உயரத்தைப் பற்றியும், நெசவில் பாவின் நெருக்கத்தைப் பற்றியும் நாம் பேசாமலா இருந்தோம்? என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரியை எதனால் தள்ளுவது, எவ்வளவு தள்ளுவது என்னும் நியதி, கோப்பின் இனத்தையும் அதைப் பகிர்ந்து எழுதுகிற கூட்டத்தின் சம்பிரதாயத்தையும் சார்ந்தது. விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருப்பவருடைய விரலின் பழக்கத்தை அது சார்ந்ததன்று. ஆகவே எடிட்டரில் அதை இனவாரியாக அமைத்துக்கொள்வதும், அவ்வமைப்பைத் தன் சொந்தக் கணினியின் மூலையில் ஒளித்துவைக்காமல் கோப்புகளோடு கோப்பாகவே வைத்திருப்பதும் எழுதுபவரின் கடமை.

டேப் என்னும் விசையின் பூர்விகத்தை அறிந்தால் இவ்விவகாரத்தில் பாதி தெளிந்துவிடும். தட்டச்சுப் பொறியில், எண்களையும் பெயர்களையும் பத்தி பத்தியாக அடுக்கி எழுதும் பட்டியல்களுக்காக ஏற்பட்ட சாதனம் அது. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் பழகி அரசாங்கத் தேர்வு எழுதியவர்கள், இரண்டாம் தாளில் கடிதத்தோடு வரும் ஸ்டேட்மெண்ட் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். தாளை உருளையில் செருகியவுடனே தட்டத் தொடங்கிவிடாமல், பத்திகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் மிக நீண்ட சொல் எது, இடையில் விட வேண்டிய வெளி எவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டு, முன்பிருந்த நிறுத்தங்களை நீக்கி, புதிய நிறுத்தங்களை அதனதன் ஸ்தானத்தில் பொருத்திய பிறகே அவர்கள் முதல் எழுத்தைத் தட்டினார்கள். விசையை அழுத்தினால் வண்டி ஓடிப்போய் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். எவ்வளவு தூரம் ஓடுவது என்பதை விசை அறியாது, நிறுத்தம்தான் அறியும். பட்டியல் முடிந்து கடிதத்துக்கு வந்தால் நிறுத்தங்களும் மாறும், ஓரங்களும் மாறும். ஸ்டேட்மெண்டுக்கு வைத்த நிறுத்தத்திலேயே கடிதத்தையும் அடிப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்திருந்தால், பயிலகத்து ஆசிரியர் அதைக் கொள்கை என்று மதித்திருக்க மாட்டார். சோம்பல் என்றே சொல்லியிருப்பார்.

இந்த ஏற்பாடு கணினிக்குள் பிரவேசித்தபோது பாதிதான் வந்து சேர்ந்தது; மறுபாதி வழியிலேயே நின்றுவிட்டது. 1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரம் வகுக்கப்பட்டபோது, ஒன்பதாம் எண்ணைக் கிடைமட்ட டேப்புக்கு ஒதுக்கினார்கள். அந்த எண் ‘அடுத்த நிறுத்தத்துக்குப் போ’ என்று கட்டளையிடுகிறதேயொழிய, நிறுத்தம் எங்கே இருக்கிறது என்பதைக் கோப்பு தன்னோடு சுமந்து செல்வதில்லை. யூனிக்ஸ் இயங்குதள உலகில் எட்டுக் கட்டத்துக்கு ஒரு நிறுத்தம் என்னும் வழக்கம் வேரூன்றியது. எட்டு மிகையென்று கருதியவர்கள் தத்தம் திரையில் நான்கு என்றும் இரண்டு என்றும் வைத்துக்கொண்டார்கள்; வேறு சிலர் டேப்பையே விலக்கிவிட்டு, ஆஸ்கியில் 32 என்னும் எண்ணுடைய இடைவெளி எழுத்தை வேண்டிய அளவுக்குத் திரும்பத் திரும்ப இட்டார்கள். இரண்டுமே திரையில் வெறும் வெளியாகத்தான் தெரியும். கண்ணுக்கு ஒன்றாகவும் இயந்திரத்துக்கு வேறாகவும் இருக்கிற இரண்டு எழுத்துகளால் ஒரே காரியத்தைச் செய்ய முற்பட்டதிலிருந்துதான், பல பத்தாண்டுகளாக நிரலாளர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்று வாதாடும் அந்த ஓயாத வழக்கு ஆரம்பமாயிற்று. எத்தனை கட்டம் உசிதம் என்பதைச் சோதனை மூலம் காணவும் முயன்றிருக்கிறார்கள்: மியாரா, ஷ்னைடர்மன் முதலிய நால்வர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டிலிருந்து நான்கு கட்டம் வரையிலான உள்தள்ளலே வாசித்துப் புரிந்துகொள்வதற்கு மிகவும் ஏற்றதாகத் தெரிந்தது. அதனால் வாதம் ஓய்ந்ததா என்றால், இல்லை. கட்சி கட்டியவர்களை ஆய்வு என்றைக்கு அடக்கியிருக்கிறது?

வாதத்தை நான் இங்கே தொடரப்போவதில்லை. இரு கட்சியாரும் பொதுவாக மறந்துவிடும் ஒரு சங்கதியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: பல கோப்பினங்களில் இவ்விஷயத்தில் நமக்குச் சுதந்திரமே கிடையாது.

பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் இயற்றிய மேக் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய நிரலின் எந்தப் பகுதி மாறினால் எந்தப் பகுதியை மறுபடியும் தொகுக்க வேண்டும் என்பதை மேக்ஃபைல் என்னும் கோப்பில் எழுதிவைத்தால், கருவி அதை வாசித்து வேலையை நடத்தும். அக்கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளிகளை இட்டால் செல்லாது. இவ்விதி பிசகானது என்பதை ஃபெல்ட்மனே சீக்கிரத்தில் உணர்ந்துவிட்டார் என்றும், அதற்குள் அக்கருவியை ஏறக்குறைய ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், உபயோகிக்கத் தொடங்கிவிட்டதால் அவர்களுக்குச் சங்கடம் விளைவிக்க மனமின்றி அப்படியே விட்டுவிட்டார் என்றும் அவர் பிற்காலத்தில் சொன்னது பிரசித்தம். பன்னிரண்டு பேரின் சௌகரியத்தை உத்தேசித்துக் காட்டிய தாட்சண்யம், பிறகு வந்த எண்ணற்றவர்களின் தலையில் விடிந்தது. ஜிஎன்யு மேக் இன்றைக்கும், கட்டளை வரியில் டேப்புக்குப் பதிலாக எட்டு இடைவெளிகள் இருக்கக் கண்டால், பிரிப்பான் காணவில்லை என்று அறிவித்து நின்றுவிடுவதோடு, டேப் இட நினைத்தீர்களா என்று ஒரு கேள்வியையும் கேட்டுவைக்கிறது. 2010இல் வந்த 3.82ஆம் பதிப்பு முதற்கொண்டு, டேப்புக்குப் பதிலாக வேறொரு எழுத்தைக் குறித்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவோர் அரிது.

பைத்தானின் கதை இதற்கு நேர் எதிரானது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையத்தில் க்விடோ வான் ராஸம் 1989இன் இறுதியில் தொடங்கி 1991இல் வெளியிட்ட இம்மொழி, உள்தள்ளலையே தொகுதியின் எல்லையாகக் கொள்ளும் வழக்கத்தை ஏபிசி என்னும் முந்தைய மொழியிலிருந்து சுவீகரித்துக்கொண்டது. ஆரம்பத்தில் டேப்பையும் இடைவெளியையும் கலந்து எழுதவும் அது இடம் கொடுத்தது. டேப் ஒன்றை, அடுத்துவரும் எட்டின் மடங்கு வரை செல்வதாக அது கணக்கிட்டது. எடிட்டரில் நான்கு கட்டம் என்று வைத்திருந்தவர் கதி என்ன? நான்கு இடைவெளி தள்ளி ஒரு நிபந்தனையை எழுதி, அதற்குட்பட்ட வரியை எட்டு இடைவெளியில் அமைத்து, அடுத்த வரியை ஒரே ஒரு டேப்பில் இட்டால், அவ்வரி நிபந்தனைக்கு வெளியே வந்துவிட்டதாக அவருடைய திரை காட்டும். இயந்திரமோ அதை நிபந்தனைக்கு உட்பட்டதாகவே எண்ணிக்கொண்டு, பிழை என்ற பேச்சே இல்லாமல், எழுதியவர் கருதாத காரியத்தைச் செய்துகொண்டு போகும். பிழையென்று கூச்சலிடும் இயந்திரத்தால் வருகிற உபத்திரவம் சொற்பம். மௌனமாக வேறொன்றைச் செய்யும் இயந்திரத்தால் வருகிற அநர்த்தத்துக்கு அளவில்லை. 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பைத்தான், இவ்விரண்டையும் பொருள் மயங்கும்படி கலந்தால் ஓட மறுத்துவிடுகிறது. 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்னும் நடை விதியோ, நான்கு இடைவெளி என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டது. ஆக, மேக்ஃபைலில் டேப் இன்றேல் வேலை நடவாது. பைத்தானில் டேப் கலந்தால் ஆபத்து. ஒரே மனிதர், ஒரே பிற்பகலில், ஒரே கோப்புறையில் இவ்விரண்டையும் திறந்து எழுத நேரிடுகிறது.

இன்னும் எத்தனையோ இனங்கள். சேவையகங்களின் அமைப்புகளை எழுதப் பரவலாக வழங்கும் யாமல் வகைக் கோப்பில், உள்தள்ளலுக்கு டேப்பை இடக்கூடாது என்று விதியே இருக்கிறது. கூகுள் நிறுவனத்தில் பிறந்து 2009இல் வெளியான கோ மொழியின் கோஃபெம்ட் என்னும் ஒழுங்குபடுத்தும் கருவி, யார் எப்படி எழுதினாலும் டேப்பாகவே மாற்றி அமைத்துவிடுகிறது. புள்ளிவிவரங்களை டேப்பினால் பிரித்து வைக்கும் கோப்புகளில் டேப் என்பது வெறும் வெளி அன்று, தரவின் ஓர் அங்கம். விசையை அழுத்தினால் இடைவெளிகளாக மாற்று என்று எடிட்டருக்குப் பொதுவாகக் கட்டளையிட்டு வைத்திருப்பவர், அத்தகைய கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தாலும் போதும், இரண்டு பத்திகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் கோப்பில், வரியின் முடிவில் வரும் இரண்டு இடைவெளிகளுக்கு ‘இங்கே வரியை முறி’ என்று அர்த்தம் உண்டு. வரியின் கடைசியில் தொங்கும் இடைவெளிகளையெல்லாம் துடைத்துவிடும் வழக்கமுள்ள எடிட்டர் அந்த அர்த்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

இவை வெவ்வேறு கூட்டத்தாரின் வெவ்வேறு வழக்கங்கள், ஒரே பணித்திட்டத்துக்குள் இந்தப் பேதம் வராது என்று சமாதானம் சொல்பவர்களுக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் காட்ட விரும்புகிறேன். அதன் நடை விதியில், அதை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், உள்தள்ளல் என்றால் டேப், டேப் என்றால் எட்டுக் கட்டம் என்று சற்றுக் காரமாகவே எழுதிவைத்தார். எட்டுக் கட்டம் வைத்தால் வரிகள் வலப்புறம் ஓடிவிடுகின்றன என்று முறையிடுவோருக்கு, மூன்று படிக்கு மேல் உள்ளே போக வேண்டியிருந்தால் திருத்த வேண்டியது உன் நிரலைத்தான் என்பது அவருடைய பதில். 2022 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பில் அதே கெர்னலுக்குள் ரஸ்ட் மொழி இடம்பெற்றபோது, அவ்விதியை ரஸ்டின் மீதும் திணித்தார்களா? இல்லை. ரஸ்ட்எஃப்எம்டி என்னும் கருவியின் இயல்பான அமைப்பையே ஏற்று, ரஸ்ட் கோப்புகளில் டேப்புக்குப் பதிலாக நான்கு இடைவெளி என்று ஆவணத்திலேயே குறித்துவிட்டார்கள். எட்டுக் கட்டத்துக்காக அவ்வளவு கண்டிப்பாகப் பேசும் கூட்டமே, வேறு மொழிக்கு வேறு நியதி என்பதை ஒப்புக்கொண்டிருக்கும்போது, தனி ஒருவர் தம் எடிட்டரில் ‘எல்லாவற்றுக்கும் நான்கு’ என்று வைத்துக்கொண்டு திருப்தியடைவதற்கு நியாயம் ஏது?

உள்தள்ளல் இலக்கணமாக இல்லாத மொழிகளில் மட்டும் இது அசட்டை செய்யத் தக்க விஷயமா என்றால், அதுவும் இல்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசிகளுக்கு அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டி வந்தது. இணையத் தொடர்பின் மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் சி மொழி நிரலில், ‘தோல்விக்குத் தாவு’ என்று பொருள்படும் வரி ஒன்று தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. முதலாவது, மேலே உள்ள நிபந்தனைக்கு உட்பட்டது. அடைப்புக்குறி இல்லாத இடத்தில் நிபந்தனை ஒரே ஒரு வரியைத்தான் ஆளும் என்பது அம்மொழியின் விதியாதலால், இரண்டாவது எவ்வித நிபந்தனையும் இன்றி எப்போதும் நடைபெற்று, பின்னால் வரவேண்டிய சோதனையைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஆனால் அந்த இரண்டாம் வரியும் முதல் வரியைப் போலவே உள்தள்ளி நின்றதால், வாசித்த கண்களுக்கு அதுவும் நிபந்தனையின் நிழலில் இருப்பதாகவே தோன்றியது. மொழியின் அமைப்பை அறிந்து தானாக உள்தள்ளும் எடிட்டர் ஒன்றின் கையில் அந்தப் பகுதியை ஒப்படைத்திருந்தால், அவ்வரி வெளியே வந்து ஓரத்தோடு ஓரமாக நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கும். 2016இல் வந்த ஜிசிசி கம்பைலரின் ஆறாம் பதிப்பில், கண்ணை ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டு எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். இயந்திரம் கவனிக்காத வெளியை மனிதன் கவனிக்கிறான் என்பதைக் கம்பைலர் எழுதுபவர்களும் ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

எடிட்டர்கள் இதற்கு வழி செய்யாமல் இல்லை. பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் காலமாகும் வரை பேணி வளர்த்த விம் எடிட்டரில், கோப்பிலுள்ள டேப் திரையில் எத்தனை கட்டமாகத் தெரிய வேண்டும், ஒரு படி உள்ளே தள்ளுவது எத்தனை கட்டம், விசையை அழுத்தினால் விழ வேண்டியது டேப்பா இடைவெளிகளா என்னும் மூன்றையும் தனித்தனியே அமைக்கலாம். கோப்பின் இனத்துக்கு ஒரு சிறு அமைப்புக் கோப்பு என்று வைத்து, அவ்வினம் திறக்கப்படும்போது மட்டும் அவை அமலுக்கு வரும்படியும் செய்யலாம். விம்மோடு வரும் கோப்புகளிலேயே பைத்தானுக்கு நான்கு இடைவெளியும், மேக்ஃபைலுக்கு டேப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது, அமைப்பாளர் யோசித்துவைத்ததைப் பயனாளர் தம் பொதுக் கட்டளையால் கெடுக்காமல் இருந்தாலே பாதிக் காரியம் ஆயிற்று. ஈமாக்ஸில் இதே காரியம் அவ்வம் மொழிக்குரிய மோடுகள் வழியாக நடக்கிறது. இளைஞர்கள் மிகுதியும் விரும்பும் விஎஸ் கோடில், அமைப்புக் கோப்பினுள் மொழியின் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு, அதற்கெனப் பிரத்தியேகமான அளவைக் குறிக்கலாம். அந்த எடிட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு: கோப்பைத் திறந்தவுடன் அதில் ஏற்கெனவே இருக்கும் உள்தள்ளலைப் பார்த்து, இதுதான் இங்குள்ள வழக்கம் என்று தானே ஊகித்துக்கொண்டு, நாம் குறித்த அளவை ஒதுக்கிவிடும். பிறர் எழுதிய கோப்பில் நுழையும்போது இது நல்ல மரியாதைதான். ஆயினும் காலியான புதுக் கோப்பில் ஊகிக்க எதுவும் இல்லை. இரண்டு பழக்கமும் கலந்து கெட்டுப்போன கோப்பில் ஊகம் எந்தப் பக்கமும் சாயலாம். ஊகத்தை நம்பி நியதியை எழுதாமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

சரி, எழுதத்தான் வேண்டும், எங்கே எழுதுவது? கருத்து வேற்றுமைக்கு மெய்யாகவே இடமுள்ள கேள்வி இது. தத்தம் எடிட்டரின் சொந்த அமைப்பில் எழுதிக்கொள்வது ஒரு வழி. ஐவர் சேர்ந்து எழுதும் பணியில் ஐந்து அமைப்புகளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதற்கு யார் பிணை? ஒவ்வொரு கோப்பின் தலையிலோ வாலிலோ, எடிட்டருக்கு என்று ஒரு குறிப்பு வரியை எழுதிவைப்பது மற்றொரு வழி. விம்மில் அதற்கு மோட்லைன் என்று பெயர். அது கோப்போடு பயணம் செய்யும் என்னும் நன்மை உண்டு. ஆனால் அந்நியர் அனுப்பிய கோப்பிலுள்ள வரி, நம் எடிட்டருக்கு உத்தரவிடுகிறது என்பதில் இருக்கும் அபாயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் விம்மின் மோட்லைன் வசதியில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை ஒன்றின் வழியாக, தந்திரமாக எழுதிய கோப்பைத் திறந்த மாத்திரத்தில் திறந்தவர் கணினியில் வேண்டிய கட்டளைகளை ஓடவிட முடிந்தது. உடனே அதை அடைத்துவிட்டார்கள் என்றாலும், கோப்புக்குக் கோப்பு உத்தரவு எழுதும் முறையிடத்தில் எனக்கிருந்த விருப்பம் அத்துடன் போயிற்று.

மூன்றாவது வழியே எனக்குச் சம்மதமானது. எடிட்டர்கான்ஃபிக் என்னும் ஏற்பாட்டின்படி, பணித்திட்டத்தின் தலைமைக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் அப்பெயருடைய கோப்பு ஒன்றை வைக்கிறோம். இந்தக் கோப்பினத்துக்கு டேப், இந்த இனத்துக்கு இடைவெளி, இத்தனை கட்டம் என்று அதில் சாதாரண எழுத்துகளில் இனவாரியாகக் குறித்துவிடுகிறோம். எடிட்டர் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அது இருக்கும் கோப்புறையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று, இதுவே வேர் என்று குறித்த கோப்பைக் கண்டதும் நின்றுவிடும். இரண்டு இடத்தில் விதி இருந்தால், கோப்புக்கு அருகில் இருப்பது செல்லும். விஷுவல் ஸ்டூடியோ, ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள், நியோவிம் முதலியவை இதைத் தாமாகவே மதிக்கின்றன. விஎஸ் கோடுக்கு ஒரு துணைநிரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இம்முறையின் விசேஷம் அதன் தொழில்நுட்பத்தில் இல்லை, அது மிக எளியது. எல்லோருக்கும் பொதுவான நியதி எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதை மாற்ற விரும்புகிறவர் எல்லோர் முன்னிலையிலும் மாற்ற வேண்டியிருக்கிறது, பழைய விதி எப்போது மாறியது என்பது கிட் போன்ற பதிப்புப் பேணும் கருவியில் பதிவாகிறது என்பவைதாம் அதை என் மதிப்பில் உயர்த்துகின்றன.

இதற்கு வரும் ஆட்சேபணைகளில் வலுவானது ஒன்று உண்டு. கோவுக்குக் கோஃபெம்ட், ரஸ்டுக்கு ரஸ்ட்எஃப்எம்டி, பைத்தானுக்கு பிளாக் என்று ஒழுங்குபடுத்தும் கருவிகள் வந்துவிட்டபின், எழுதுபவர் எப்படியாவது எழுதட்டும், கருவி திருத்திக்கொள்ளும், எடிட்டரில் அமைப்பு எதற்கு என்கிறார்கள். அக்கருவிகளை நான் வரவேற்கிறேன். விருப்பு வெறுப்புகளைச் சபைக்கு வெளியே நிறுத்திவிட்ட பெருமை அவற்றுக்கு உண்டு. ஆனாலும், பைத்தானில் வரி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று எழுதியவர் கருதினார் என்பதை எந்தக் கருவியும் அறிய முடியாது. கலங்கிய உள்தள்ளலைக் கண்டால், பிளாக்கும் வாசிக்க முடியவில்லை என்று கைவிரிக்கும். மேக்ஃபைலுக்கும், யாமலுக்கும், டேப்பால் பிரித்த தரவுக்கும் அப்படி எல்லோரும் ஏற்ற கருவி ஒன்று இல்லை. எழுதும்போதே சரியாக விழும்படி செய்வது, விழுந்தபின் பொறுக்குவதைக் காட்டிலும் எளிது.

வாசிப்பவரின் உரிமை என்று ஒன்றும் இருக்கிறது. டேப் கட்சியாரின் வாதங்களில் என் மனத்தை அசைத்தது அதுவே. விரல் நுனியால் வாசிக்கும் பார்வையற்ற நிரலாளருடைய பிரெய்ல் பலகையில், ஒரு வரிக்கு நாற்பது கட்டங்கள் இருப்பது சாதாரணம். மூன்று படி உள்தள்ளிய வரியில், நான்கு இடைவெளிக் கணக்கில் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையிலேயே கழிந்துபோகும். டேப்பாக இருந்தால் ஒரு படிக்கு ஒரு கட்டத்தோடு முடித்துக்கொள்ளலாம். பெரிய எழுத்துகளை வைத்து வாசிப்பவர்களும், டேப்பின் அகலத்தை மட்டும் தம் திரையில் குறைத்துக்கொண்டால், கோப்பைத் தொடாமலே சௌகரியம் அடைவார்கள். ஆதலால், மொழியும் கூட்டமும் எதையும் விதிக்காத இடத்தில், புதிதாகத் தொடங்கும் பணிக்கு டேப்பே மேல் என்பது என் கட்சி. பைத்தானைப் போலச் சம்பிரதாயம் திடப்பட்ட இடத்தில் அக்கட்சியைப் பேச மாட்டேன்.

புதிதாக நியதியைக் கைக்கொள்பவர்கள் உற்சாக மிகுதியால் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டிக்காமல் விடுவதற்கில்லை. பிறர் எழுதிய பழைய கோப்பில் ஒரு சிறு திருத்தம் செய்யப் போனவர், அதோடு கோப்பு முழுவதையும் தம் எடிட்டரின் அளவுக்கு மாற்றிச் சேமித்துவிடுகிறார். இரண்டு வரித் திருத்தம் இரண்டாயிரம் வரி மாற்றமாகத் தோன்றுகிறது. சரிபார்ப்பவருக்கு உண்மையில் மாறியது எது என்று விளங்குவதில்லை. எந்த வரியை யார், ஏன் எழுதினார் என்று பின்னாளில் தேடுகிறவருக்கு, எல்லா வரியிலும் இந்த ஒருவரின் பெயரே அகப்படுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வேறெந்தத் திருத்தமும் கலவாமல் அதை மட்டும் தனியே ஒரு பதிவாகச் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட பதிவுகளைக் கணக்கில் சேர்க்காமல் வரலாற்றைக் காட்டும் வசதியை, 2019இல் வந்த கிட் 2.23 நமக்கு அளித்திருக்கிறது.

பள்ளியில் பைத்தான் கற்பவர் பெரும்பாலும் ஐடில் என்னும் எளிய எடிட்டரில் தொடங்குகிறார். டேப் விசையை அழுத்தினால் அது நான்கு இடைவெளிகளையே இடுவதால், அங்கே இந்த விவகாரம் தலைகாட்டுவதில்லை. காட்டாததனாலேயே மாணவர் அதை அறியாமலும் போகிறார். பொறியியல் கல்லூரிக்கோ கலைக் கல்லூரிக்கோ வந்து, வேறொரு எடிட்டரில் சி, பைத்தான், யாமல் என்று ஒரே வாரத்தில் மூன்றையும் திறக்கும்போது, ஒவ்வொருவரும் தட்டுத்தடுமாறித் தனித்தனியே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுகிறோம். போதாக்குறைக்கு, நிரல்களைக் கோடிட்ட ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதும் வழக்கமும் இருக்கிறது. அதில் இடைவெளி நான்கா மூன்றா என்று அளந்து பார்ப்பவர் எவருமில்லை. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். இடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இதை மாற்றினால், விளக்கத்தை மனப்பாடம் செய்வார்களேயன்றி அமைப்பைத் தொட மாட்டார்கள். ஆய்வகப் பொறுப்பாளர், மாணவர்கள் கோப்புகளைச் சேமிக்கும் கோப்புறையின் தலையில் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றை வருஷ ஆரம்பத்தில் வைத்துவிட்டால் போதும். பைத்தானுக்கு நான்கு இடைவெளி, யாமலுக்கு இரண்டு, மேக்ஃபைலுக்கும் தரவுப் பட்டியல்களுக்கும் டேப், மார்க்டவுனில் வரிமுடிவு இடைவெளியைத் துடைக்க வேண்டாம் என்ற நான்கு குறிப்புகள் அதில் இருக்க வேண்டும். எல்லாக் கோப்புக்கும் பொதுவாக, எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று இன்னொரு வரியையும் சேர்த்துவிடலாம். தமிழில் செய்தி காட்டும் நிரலை எழுதுகிற மாணவருக்கு, ஒரு கணினியில் சேமித்தது மற்றொன்றில் திறக்கும்போது சிதைந்து தெரியாமல் இருக்க அது உதவும். அத்தனையும் சேர்த்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது.